வெயிலுகந்தாள் இழுத்த கோடு

ஆறு இருக்கிற ஊரில் ஆற்றுக்கு ஒரு கதை இருக்கும், கோவில் இருக்கிற தெருவில் கோவிலுக்கு ஒரு கதை இருக்கும், பாளையங்கோட்டையில் எங்கள் உச்சினிமாகாளி கோவில் தெருவுக்கு மட்டும் ஒரு மடையனின் கதைதான் இருக்கிறது. அந்த மடையன் நான்தான் என்பதால், வேறு யாராவது கைகால் வைத்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

என் பெயர் புன்னைவனம். கல்யாண வீடுகளுக்குக் காய் நறுக்குகிறவன். சமையல்காரன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் பிரம்மநாயகம் அண்ணாச்சியின் சமையல் செட்டில் கரண்டி பிடிக்கிறவர்கள் வேறு, கத்தி பிடிக்கிறவர்கள் வேறு. கரண்டியை நான் ஒரே ஒரு தடவை தொட்டதில் ஒரு மறுவீட்டுத் தேங்காய்ப்பால் சொதி திரிந்துபோய், அந்தச் சம்பந்திகள் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. ஆகவே கத்தி. அவியலுக்கு விரல் நீளம், சாம்பாருக்குக் கனத்த துண்டு, பொரியலுக்குப் பொடிசு. என் பக்கத்தில் உட்கார்ந்து அதே காயை என்னைவிட வேகமாக, என்னைவிட அழகாக நறுக்கிக்கொண்டிருந்தவள் என் பெண்டாட்டி வெயிலுகந்தாள். என்னைவிட என்று சொல்வதால் அவளுக்கு ஒரு பெருமையும் சேராது, தெருவில் போகிற ஆட்டைப் பிடித்து உட்கார வைத்தாலும் என்னைவிடக் கொஞ்சம் சீராகத்தான் நறுக்கும்.

அந்தக் குச்சி எங்களிடம் வந்தது ஒரு சிங்கப்பூர் மாமாவால். மணப்பெண்ணின் தாய்மாமா அவர். எங்கள் ஆட்கள் மண்டபத்துத் தண்ணீர்த்தொட்டி விளிம்பில் கத்தியைக் கரகரவென்று தேய்ப்பதைப் பார்த்து மனசு பொறுக்காமல், போகும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்: மரக் கைப்பிடி போட்ட, ஒரு முழ நீளத்துக்கு, பால் வெள்ளையில், கத்தி தீட்டுகிற பீங்கான் குச்சி. கத்தியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக இழுத்தால் கூர் ஏறும், ஏறும்போது கத்தியின் இரும்பு துளியூண்டு குச்சியில் அப்பி, பென்சிலால் இழுத்தது மாதிரி ஒரு கறுப்புக் கோடு விழும். கோட்டுக்கு மேல் கோடு சேர்ந்தால் குச்சியின் சொரசொரப்பு அடைந்துபோய்க் கத்தி வழுக்கும், கூர் ஏறாது. அழித்துத் துடைத்தால் பழையபடி பிடிக்கும். இவ்வளவுதான் சங்கதி, உகந்தாளுக்கு இது முதல் நாளே விளங்கிவிட்டது.

எனக்கும் விளங்காமல் இல்லை. ஆனால் சிங்கப்பூர்க்காரர் என் கையில் அல்லவா கொடுத்தார், அதனால் குச்சி என் பொறுப்பு, தீட்டலாமே தவிர அதற்குமேல் யாரும் தொடக்கூடாது, கட்டின பெண்டாட்டியானாலும் சரி என்று வைத்திருந்தேன். குச்சி கறுத்துப்போச்சு, துடைங்க, துடைங்க என்று அவள் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் சொல்வாள். வெட்டுவது கத்தியா குச்சியா, குச்சிக்கு எதற்குப் பவுடர் பூச்சு என்று நான் கேட்பேன், கேட்டுவிட்டு என் கேள்வியின் அழகை நானே ரசித்துச் சிரிப்பேன். அந்தக் கறுத்த குச்சியைத்தான் தெரு முழுக்க இரவல் கொடுத்தேன், புன்னைவனத்திடம் சிங்கப்பூர்க் குச்சி இருக்கிறது என்ற பேருக்காக. சலூன் அருணாசலம் கத்தரிக்கோலைத் தீட்டினான், தையல்கடைச் செண்பகம் தீட்டினாள், வாழையிலை விற்கிறவர், பூக்கட்டுகிறவர்கள், ஆட்டோக்காரர்கள் என்று எல்லார் வீட்டு இரும்பும் அதில் ஏறிக்கொண்டே இருந்தது.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில், பீன்ஸ் மலை மாதிரிக் குவிந்து கிடக்கையில், உகந்தாளின் கத்தி வழுக்கி அவள் இடது கைப் பெருவிரலில் இறங்கியது. ரத்தம் பீன்ஸில் விழாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். நான் சொன்னது, கத்தி பிடிக்கத் தெரியாதவளுக்குக் கை ஒரு கேடா என்று. செட்டு முழுக்கச் சிரித்தது, எல்லாரிலும் அதிகமாக நான் சிரித்தேன். அவள் கையைக் கழுவினாள், துணியைக் கிழித்துக் கட்டினாள், அதே கத்தியை எடுத்துக் கழுத்தில் கிடந்த தாலிக்கயிற்றை அறுத்துப் பீன்ஸ் குவியல்மேல் வைத்தாள், கத்தியை மடியில் செருகிக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் பேட்டையில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆடி பிறந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, எங்களுக்கு வேலையும் கிடையாது. தன்னந்தனியாகச் சமைத்து, தன்னந்தனியாகச் சாப்பிட்டு, உப்பு கூடிவிட்டது என்று சண்டை பிடிக்கக்கூட ஆள் இல்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், பிள்ளைகள் நோட்டில் அழிக்கிற ரப்பரை மூலைக்கடையில் வாங்கி வந்து, குச்சியின் நுனியிலிருந்த ஒரு கோட்டைத் தேய்த்தேன். ரோஷம்தான், வேறென்ன. ரப்பர் கறுத்துத் திரிதிரியாக உதிர்ந்தது, கோடு போனது. அடுப்பங்கரையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். குழம்புக்கு நறுக்கித் தண்ணீரில் போட்டிருந்த கத்தரிக்காய்கள் காம்போடு முழுசு முழுசாக மிதந்துகொண்டிருந்தன. சவத்த, மறுபடியும் நறுக்க வேண்டுமா என்று அவற்றைத் திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதுதான் புத்தி வேலை செய்தது. ஓடிப்போய், அன்றைக்குப் பீன்ஸ் குவியலிலிருந்து கொண்டுவந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த தாலிக்கயிற்றை எடுத்துப் பார்த்தேன். அது அறுந்தது அறுந்தபடிதான் கிடந்தது.

நான் அழித்தது வேறு கோடு, கத்தரிக்காய் நறுக்கின என் கத்தியுடையது. ஒரு கத்தி இழுத்த கோட்டை அழித்தால், அந்தக் கூரில் அந்தக் கத்தி வெட்டினதெல்லாம் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். உகந்தாள் கடைசியாகத் தீட்டின கோடு இந்தக் குச்சியில் எங்கேயோ இருக்கிறது, அதை அழித்தால் கயிறு ஒட்டும், கயிறு ஒட்டினால் பெண்டாட்டி வந்துதானே ஆகவேண்டும். கறுப்புக் கோட்டில் பேரா எழுதியிருக்கிறது, எல்லாக் கோட்டையும் அழித்துவிட்டால் தீர்ந்தது என்று, பாத்திரம் தேய்க்கிற பவுடரும் பச்சை நாருமாக உட்கார்ந்து கைக்கு வந்த இடமெல்லாம் தேய்த்துத் தள்ளினேன்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெரு என் வாசலில் நின்றது. போலீஸ் வேலைக்குத் தேர்வாகி அருணாசலத்திடம் ஒட்ட வெட்டிக்கொண்டு போன ஒருத்தனுக்கு அணிவகுப்பில் நிற்கும்போதே முடி தோளுக்கு இறங்கிவிட்டதாம். செண்பகம் தைத்து முடித்த ஜாக்கெட்டெல்லாம் மடித்து வைத்த இடத்திலேயே முழுத் துணியாகிக் கிடந்தன. புது ஆட்டோவின் சக்கரத்தடியில் நசுக்கின எலுமிச்சம்பழம், முதலில் அதைக் கத்தியால் கீறி வைத்திருந்ததால், உருண்டு திரண்டு ரோட்டில் கிடந்தது. பழைய கண்ணேறு திரும்பி வந்துவிட்டது என்று ஆட்டோக்காரர் அதன்மேலேயே முன்னும் பின்னும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். கவுன்சிலர் வந்து திறந்து வைத்த தண்ணீர்த்தொட்டியில் ரிப்பன் பழையபடி குறுக்கே இறுகி நின்றது. ரிப்பன் இருந்தால் தொட்டி திறக்கவில்லை என்றுதான் அர்த்தம், திறக்காத தொட்டியில் எப்படித் தண்ணீர் பிடிப்பது என்று பெண்கள் குடத்தோடு திரும்பிப் போனார்கள். கவுன்சிலர் மறுபடி வந்து மறுபடி வெட்டி, போன தடவை பேசியதையே மறுபடியும் பேசிவிட்டுப் போனார், கைதட்டலும் அதே அளவுதான் வந்தது.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது ஆடுதான். யாரோ ஒருவர் ஆனி மாதம் பக்கத்துத் தெருவில் கயிற்றை அறுத்து ஓட்டிக்கொண்டு வந்த கிடா, கயிறு ஒட்டிக்கொண்டதும் தன் பழைய கட்டுத்தறிக்கு விருட்டென்று இழுபட்டது. பின்பக்கமாகவே நடந்து, முழுத் தெருவையும் பார்த்து மே என்று கத்திக்கொண்டே போய்ச் சேர்ந்தது. ஓட்டி வந்தவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன், அவர் இன்னமும் எனக்கு டீ வாங்கித் தருகிறார்.

இது ஏன் நடக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மழை ஏன் பெய்கிறது என்று யார் கேட்கிறார்கள், குடை எங்கே என்றுதானே கேட்போம். வயிற்றுக்குள் போனது ஒட்டாது, அடுப்பில் எரிந்தது ஒட்டாது, மற்றதெல்லாம் ஒட்டும் என்பதைத் தெரு சீக்கிரமே தெரிந்துகொண்டது. கோவில் வாசலில் கூட்டம் போட்டார்கள். குச்சியை ஆற்றில் எறிய வேண்டும் என்று பாதிப் பேர் சொன்னார்கள். எறியவே கூடாது, என் பட்டுச்சேலையில் தப்பாக வெட்டின ஜாக்கெட் துணி ஒட்டிக்கொண்டது, அந்தக் குச்சிக்கு நான் பொங்கல் வைக்கப்போகிறேன் என்று ஒரு அம்மாள் எழுந்து நின்றாள். கோவில் தர்மகர்த்தாவும் பிரம்மநாயகம் அண்ணாச்சிதான். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: புன்னைவனம் நாளுக்கு ஒரு கோடுதான் அழிக்கலாம், பவுடர் கூடாது, ரப்பர்தான், அதற்கு முன்னால் கோவில் மைக்கில் சொல்லிவிட வேண்டும்.

அப்படித்தான் எங்கள் தெருவின் ஆடி மாதம் மைக்கால் நடந்தது. சாமிப் பாட்டு பாதியில் நிற்கும், 'பொதுமக்கள் கவனத்துக்கு, புன்னைவனம் இப்போ ஒரு கோடு அழிக்கப்போறார்' என்று குரல் வரும், உடனே வீட்டுக்கு வீடு நறுக்கினதை எல்லாம் அவசர அவசரமாக வாயில் போட்டுக்கொள்வார்கள். பழங்குழம்பு, மிச்சக் கூட்டு என்ற பேச்சே தெருவில் இல்லாமல் போயிற்று. நறுக்கினது இருக்கும்போதே தின்றுவிடு என்று மாமியார்கள் மருமகள்களை உட்கார வைத்துச் சோறு போட்டார்கள், அந்த ஒரு மாதம் மருமகள்கள் எல்லாரும் ஒரு சுற்றுப் பெருத்தார்கள். வெண்டைக்காயைக் கையால் ஒடித்தார்கள், தக்காளியைப் பிசைந்தார்கள். மூலைக்கடையில் ரப்பர் தீர்ந்துபோய், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுத்தைத் தப்பில்லாமல் எழுதப் பழகிக்கொண்டார்கள்.

நான் எந்தக் கோட்டைத் தேடுகிறேன் என்பது தெருவுக்குத் தெரியும். ஒவ்வொரு கோடு அழியும்போதும், கயிறு ஒட்டியதா என்று எட்டிப் பார்ப்பார்கள், இல்லை என்பேன், உச்சுக்கொட்டிவிட்டுத் தங்கள் தங்கள் வீட்டில் எது ஒட்டிக்கொண்டது என்று பார்க்க ஓடுவார்கள். செண்பகம் மட்டும் ஒரு நாள் நின்று, அண்ணாச்சி, குச்சியில போய் அவளத் தேடுறீங்களே, பேட்டையில தேடினா கிடைப்பாள்லா, ரெண்டு பஸ்தானே என்றாள். நியாயமான கேள்வி. எனக்குப் பஸ் பயம் கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்கி, அக்கா வீட்டுக் கதவைத் தட்டி, அவள் வந்து நின்றால் வாயைத் திறந்து ஏதாவது சொல்ல வேண்டுமே, அதுதான் பயம். ரப்பரோடு பேசத் தேவையில்லை. அதனால் கண் வலிக்க வலிக்க உட்கார்ந்து, நான் தீட்டுகிற மாதிரி நுனியிலிருந்து ஆரம்பித்து அழித்துக்கொண்டே வந்தேன்.

ஆடிக் கடைசிச் செவ்வாய், உச்சினிமாகாளிக்குக் கொடைத் திருவிழா. குச்சி நுனியிலிருந்து வெள்ளை வெளேரென்று மின்னியது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கோடு, கைப்பிடியை ஒட்டினாற்போல. அப்போதுதான் எனக்கு உறைத்தது, உகந்தாள் கத்தியைக் கைப்பிடிப் பக்கம் வைத்து மேல்நோக்கி இழுக்கிறவள். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் எப்படித் தீட்டுகிறாள் என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் முதல் நாளே அந்தக் கோட்டைத் தொட்டிருப்பேன், தெருவும் பிழைத்திருக்கும்.

அண்ணாச்சி மைக்கில் கடைசிக் கோடு என்று அறிவித்தார். கோவில் பின்னால், அன்னதானத்துக்குச் சமையல் நடக்கிற பந்தலில், தெரு முழுக்கச் சூழ்ந்து நின்றது. தேய்த்தேன். பலகையில் கிடந்த தாலிக்கயிற்றின் இரண்டு முனையும் மண்புழு மாதிரி மெல்ல ஊர்ந்து, ஒன்றை ஒன்று தொட்டு, ஒட்டிக்கொண்டன. பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ எனக்கு மாலை போட்டார்கள். நான் புது வேட்டி கட்டிக்கொண்டு, கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, பேட்டை ரோட்டைப் பார்த்து நின்றேன். கிடா இழுபட்டு வந்ததே, அது மாதிரி இவளும் விருட்டென்று வந்து விழுவாள் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள், தெருவே அப்படித்தான் நினைத்தது, வழியில் கிடந்த சைக்கிள்களைக்கூட ஒதுக்கி வைத்தார்கள்.

அவள் வந்தாள். இழுபட்டு வரவில்லை, இரண்டு பஸ் மாறி, வெயிலில் நடந்து வந்தாள். கூட்டம் விலகியது. மாலையும் கழுத்துமாக நின்ற என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இடது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பெருவிரலில் தழும்பு இல்லை. பிறந்த பிள்ளையின் விரல் மாதிரி வழவழவென்று இருந்தது. அந்தக் கத்தி அன்றைக்கு முதலில் வெட்டினது கயிற்றையா, இல்லையே, இந்த விரலை அல்லவா. எனக்கு அந்த நினைப்பே வரவில்லை.

"என் காயத்த யாரக் கேட்டு அழிச்சீரு?" என்றாள்.

எப்போதும் 'நீங்க' என்று பேசுகிறவள், வெளியாளிடம் பேசுகிற மாதிரி 'நீரு' என்றாள். கயிற்றைத் தூக்கிக் காட்டி, ஒட்டிட்டு பாத்தியா, ஒட்டிட்டு என்றேன், பரீட்சையில் பாஸானவன் மாதிரி.

"கயிறு ஒட்டும்" என்றாள். "அக்கா வீட்டுல இருந்துகிட்டு, போனாப் போகுது, திரும்பிப் போவோமான்னு நினைக்கும்போதெல்லாம் அந்தத் தழும்பத்தான் பாத்துக்கிடுவேன். அது எனக்குப் புத்தி சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அதையும் அழிச்சாச்சு."

மைக்கை அணைக்க மறந்துவிட்டார்கள், அவள் சொன்னது கோவில் கோபுரத்து ஒலிபெருக்கியிலிருந்து மறுபடி ஒரு தடவை கேட்டது. எனக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது, இரண்டில் எது முந்தியது என்று தெரியவில்லை. அவளுடைய அந்த வழவழப்பான விரலைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"வலிச்சுதா?"

"வலிச்சுது" என்றாள். "ராத்திரியெல்லாம் விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது. இத அன்னைக்கே கேட்டிருந்தா, வலிக்கலன்னு பொய் சொல்லியிருப்பேன்."

பிறகு என் கையிலிருந்த குச்சியை வாங்கினாள். நுனியிலிருந்து கைப்பிடி வரை விரலால் தடவிப் பார்த்தாள், வெயிலில் திருப்பிப் பார்த்தாள், ஒரு கறுப்பு இல்லை. மடியிலிருந்து கத்தியை எடுத்து, கைப்பிடிப் பக்கம் வைத்து, மேல்நோக்கி மெதுவாக இழுத்தாள். இந்தத் தடவை நான் பார்த்தேன். மணிக்கட்டை அசைக்காமல், தோளால் இழுக்கிறாள், இழுத்து முடிக்கும்போது உதட்டை லேசாகக் கடித்துக்கொள்கிறாள். இழுத்துவிட்டு, கயிற்றுக்காகக் கையை நீட்டினாள். கழுத்தில் போட்டுக்கொள்ளத்தான் கேட்கிறாள் என்று கொடுத்தேன்.

ஆனி மாதம் மழுங்கின கத்தியால் அவள் அந்தக் கயிற்றை அறுக்க இழுத்து இழுத்துப் போராட வேண்டியிருந்தது. இப்போது கத்தி பட்டதுதான் தெரியும், கயிறு இரண்டாக விழுந்தது. "நல்லா ஏறியிருக்கு" என்றாள், கத்தியைப் பார்த்து. என் வேலையை அவள் பாராட்டினது அதுதான் முதல் தடவை. தாலிப் பொட்டை மட்டும் உருவி, உம்ம அம்மா போட்டது, வச்சுக்கிடும் என்று என் உள்ளங்கையில் வைத்தாள். கயிற்றின் இரண்டு துண்டையும் அடுப்பில் போட்டாள். மஞ்சள் கருகுகிற வாசனை கொஞ்ச நேரம் இருந்தது. தெருவில் எல்லாருக்கும் கணக்குத் தெரியும், எரிந்தது ஒட்டாது. குலவை போட்ட பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், செண்பகம் வந்து என் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினாள்.

அவள் கிளம்பிவிடுவாள் என்று வழி விட்டு நின்றோம். அவள் பந்தலைச் சுற்றிப் பார்த்தாள். சாம்பாருக்குப் பருப்பு வெந்து காத்துக்கொண்டிருந்தது, வெள்ளைப் பூசணி, எங்கள் ஊர்த் தடியங்காய், அத்தனையும் முழுசாக உருண்டு கிடந்தது, நான் கோடு அழிக்கிற மும்முரத்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை, ஜனம் இலை போடச் சொல்லி உட்கார ஆரம்பித்துவிட்டது. அவளுக்குப் பொறுக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள், பெரிய தடியங்காயாகப் பார்த்து இழுத்துப் போட்டாள்.

"அந்தப் பக்கம் பிடியும்" என்றாள்.

எதிரே உட்கார்ந்து பிடித்தேன். கத்தியை ஓங்கினவள் நிறுத்தி, என் கையைப் பார்த்தாள்.

"விரல உள்ள மடக்கிப் பிடியும், வெட்டிரும்" என்றாள்.

மடக்கிப் பிடித்தேன்.